இருக்கட்டும் என்றொரு சொல்

எதிர்வீட்டுக்காரர் "இருக்கட்டும் சார்" என்றார். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போய், இயந்திரத்தின் வழியே குருதியைத் தூய்மை செய்துகொண்டு திரும்ப வேண்டும். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையொன்றில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தெற்கேயிருந்து வேலைக்கு வந்து, தொழிற்சாலைக் குடியிருப்பில் தங்கி, பருத்திப்பட்டில் பயிரிட்டு வாழ்ந்த பழைய குடும்பமொன்றில் பெண் எடுத்து, மாமனார் ஒதுக்கிக் கொடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டவர். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்ந்தவன். என்னிடம் ஒரு கார் இருந்தது. அதில் போவதற்குத்தான் இடம் எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் மாலை அவருடைய வாயிற்கதவருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது சொன்னேன்:

"மருத்துவமனை நாள்களில் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன், ஐயா. எனக்கு வேறு வேலை இல்லை."

அவர் தெருவின் மறுபுறம் நின்ற காரைப் பார்த்தார். சற்றுச் சிரித்தார். "அவ்வளவு தூரம் உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? இருக்கட்டும்" என்றார்.

இருக்கட்டும் என்பது வியங்கோளின் பேச்சுருவம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று வியங்கோளுக்குரிய பொருள்களை மாணவர் ஒப்பிக்கும்வரை விடாமல் கற்பித்தவன் நான். மறுத்தல் அவற்றுள் இல்லை. ஆகவே சொல்லை அதன் நேர்ப்பொருளில் கொண்டேன்: உதவி இருக்கட்டும், கையிருப்பாக அங்கேயே இருக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன். தமிழைப் பேச மட்டும் அறிந்த எவரும் செய்யாத பிழை அது. அதைச் செய்வதற்குத் தமிழ் படித்திருக்க வேண்டும்.

அவருடைய மருத்துவமனை நாள்களில் விடியற்காலையிலேயே எழுந்து காரைத் துடைத்தேன். சக்கரங்களின் காற்றைப் பார்த்தேன். முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்ட இடம் செய்தேன். பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நின்றேன். அவர் தம் வேளைக்கு வெளியே வருவார். தேய்த்த சட்டை, வெயிற்காலத்திலும் மணிக்கட்டு வரை பொத்தானிட்ட முழுக்கை. நெற்றியில் திருநீறு. வலக்கையில் உணவுப்பை. என்னையும் சாவியையும் பார்த்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ நிற்கும் தெருமுனையை நோக்கி நடப்பார். இன்று தேவைப்படவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போவேன். அடுத்த முறையும் துடைப்பேன்.

என் மனைவி இதைச் சில நாள் பொறுத்துக்கொண்டாள்.

"ஏங்க, என்ன கல்யாண வண்டியா அது, இந்தத் துடை துடைக்கிறீங்க? பூ வாங்கிட்டு வரட்டா, முன்னாடி கட்டலாம்?"

"எப்போது அழைப்பார் என்று தெரியாது. வண்டி ஆயத்தமாக இருக்க வேண்டும்."

"அவர்தான் வேணாம்னு சொல்லிட்டாரே."

"இருக்கட்டும் என்றுதான் சொன்னார்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும்னா வேணாம்னு அர்த்தம். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்திட்டு இதுகூடத் தெரியலயா உங்களுக்கு?"

அதை உறுதி செய்துகொள்ளாமல் விட என்னால் இயலவில்லை. அடுத்த முறை அவர் வெளியே வந்தபோது தெருவைக் கடந்துபோய், "வண்டி ஆயத்தமாக இருக்கிறது, ஐயா. போகலாமா?" என்று நேரே கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. தலை நரைத்த ஒருவரிடம், அதிலும் எதிர்வீட்டுக்காரரிடம், வேண்டாம் என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்ல நேர்வது எங்கள் பக்கத்தில் இருவருக்கும் இழுக்கு. அதற்காகவே மற்றச் சொற்களெல்லாம் வைத்திருக்கிறோம். வேறு வழி விடாமல் நான் அவரை மடக்கிவிட்டிருந்தேன்.

"வேணாம் சார்" என்றார். உணவுப்பையை ஒருமுறை கீழே வைத்து எடுத்தார். பிறகு போய்விட்டார்.

உதவி மறுக்கப்பட்டவன் முதலில் தன்னிடம் குறை தேடுகிறான். நான் மெதுவாக ஓட்டுவேன். அது அவருக்கு ஒத்துவராதோ? நெடுநாள் பூட்டிக் கிடந்த காரில் ஒரு புழுக்க வாடை உண்டு, அதுவோ? இவற்றைவிட ஆழமாகத் தைத்த ஐயம் வேறு. அடைத்த கண்ணாடிகளுக்குள் ஒன்றரை மணி நேரம் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு வர எவருக்கும் மனம் வராது. என் மாணவர்களே என் பின்னால், "ஐயா வாயத் தொறந்தா கல்வெட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதன்பின் குறை எதிராளிக்கு மாறுகிறது. "உடம்பு தளர்ந்தும் செருக்குத் தளரவில்லை" என்று ஒருநாள் உணவின்போது சொன்னேன்.

"யாருக்கு?" என்று கேட்டாள் என் மனைவி. மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காரைத் துடைப்பதை நிறுத்தினேன். அவர் கிளம்பும் வேளையில் உள்ளறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். ஆனாலும் எதிர்வீட்டு இரும்புக்கதவின் தாழ் விழும் ஓசை எனக்குக் கேட்டது. அந்த ஓசைக்காகக் காத்திருந்தேன் என்பதும் தெரிந்தது. சினம் நெடுநாள் நிற்கவில்லை. நின்றது வேறொன்று: பயனற்றுப்போன பொருளை வீட்டில் வைத்திருப்பவனின் சங்கடம். ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் கார் கண்ணில் பட்டது.

அவருடைய மனைவி ஒருநாள் மாலை வாழைப்பழமும் கடலை உருண்டையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரையில் நின்று அழைத்தால் மறுகரையில் கேட்கும் குரல்.

"இந்தாக்கா, துன்னுக்கா" என்றார் என் மனைவியிடம். "யாரோ குடுத்தாங்கனு போறப்பல்லாம் எட்த்துகினு வராரு. வாயப்பயம், கடல உருண்ட. அவுரு ஒண்ணுகூட வாயில வெக்கக் கூடாதுனு டாக்டரு சொல்லிக்கீறாரு. நானே துன்னு துன்னு இப்டி ஆயிட்டேன், பாரு."

"ஆஸ்பத்திரியில யாரு கடலை உருண்டை கொடுக்கிறா?"

"அத்த கேட்டா சிரிக்கறாரு. மத்தியானம் நான் போயி அவர இட்டுகினு வரசொல்ல பாத்தா, பையில கீது."

நான் இடையில் புகுந்து, கேட்க வேண்டாமென்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "என் காரில் வருவதற்கு அவருக்கு என்னம்மா தடை?"

"நானும் சொல்லிட்டேன் சார். சாரு நல்ல மனசோட கூப்புட்றாரு, போயேன் நைனான்னேன். டூட்டிக்கு எவனாவது கார்ல போவானான்றாரு."

"எந்த டூட்டிக்கு?"

"இன்னா சார், தெரியாதா? ஊட்ல யாரும் டயாலிசிஸ்னு வாயத் தொறக்கக் கூடாது. டூட்டினுதான் சொல்லணும். கேட்டாக்க, 'அவுரு டூட்டிக்குப் போயிகீறாரு', அவ்ளோதான்."

தொழிற்சாலையில் காலம் கழித்தவரின் நகைச்சுவை என்று அதை விட்டுவிட்டேன். பணி, வேலை, கடமை என்று மூன்று சொற்கள் இருக்கையில் குடியிருப்பு மக்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஆங்கிலச் சொல்லையே ஆள்வது எனக்கு உவப்பானதன்று. அன்று என் மனத்தில் பட்டது அவ்வளவே.

கண் சோதனைக்காக நான் நகரத்துக்குப் போக நேர்ந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. கண்ணில் மருந்து விட்டபின் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ரயிலில் போனேன். ஆவடி நிலையத்தில் அலுவலக நேரத்துக் கூட்டம். நெரித்துத் தள்ளிய கூட்டமே என்னைப் பெட்டிக்குள் ஏற்றி, இருக்கைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. முதலில் ஒரு சிரிப்பைக் கேட்டேன். அதை அதற்குமுன் கேட்டதில்லை. பிறகுதான் பார்த்தேன்: ஜன்னலோர இருக்கையில் என் எதிர்வீட்டுக்காரர். எதிரெதிராக அமர்ந்த நால்வரின் முழங்கால்கள்மேல் ஒரு பை, பையின்மேல் சீட்டுக்கட்டு.

கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பருத்த உடலினர். "அண்ணாத்தே, நேத்து மட்டம் போட்டுட்டு இன்னிக்கு வந்து ஜெயிக்கலாம்னு பாக்கறியா?" என்றார்.

"என்ன மட்டம்? எனக்கு வாரத்துல மூணு நாள்தாம்ல டூட்டி."

"குடுத்து வெச்ச ஆளு மாமே. மூணே நாளு. ஏசி ரூமு. உக்காந்த எடத்துல வேல."

"உக்காந்த எடத்துல இல்லல. படுத்த எடத்துல."

நால்வரும் சிரித்தார்கள். அவர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். தெருவில் என்னிடம் பேசும்போது ஒருநாளும் வெளிவராத அவருடைய தெற்கத்தி ஊர்ப்பேச்சு அங்கே தடையின்றி வந்துகொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், குளிரூட்டிய அறையில், படுத்த இடத்தில்: அவர் அவர்களிடம் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வேலை என்று எண்ணிக்கொள்வதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வலக்கை இடக்கையின் மணிக்கட்டுக்குப் போய், ஏற்கெனவே இட்டிருந்த பொத்தானைத் தொட்டுப் பார்த்தது. இயந்திரத்தோடு இணைப்பதற்காக அந்தக் கையில் குருதிக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அவ்விடம் கயிறு திரித்ததுபோல் புடைத்திருக்கும். முழுக்கைச் சட்டையின் காரணம் எனக்கு அப்போதுதான் எட்டியது.

அவர்களுள் இளையவன், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியவன், என்னைப் பார்த்து எழுந்தான். "சார், உக்காருங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

அவன் உடனே உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு ஐயமே எழவில்லை.

"அண்ணனுக்குத் தெரிஞ்சவரா சார்?" என்றார் பருத்தவர்.

"எதிர்வீடு."

"அட! அப்போ நீங்களாவது சொல்லுங்க சார். அண்ணன் எந்தக் கம்பெனில கீறாரு? எத்தினி தபா கேட்டாலும் சிரிச்சே மயுப்பறாரு. ஏசியாம், படுக்கையாம், பக்கத்துல நர்சம்மா மாதிரி ஒருத்தங்க வந்து வந்து பாத்துக்குவாங்களாம். எங்களுக்கும் அங்க ஒரு எடம் புடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க சார்."

மீண்டும் சிரிப்பு. எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. விசிறியாக விரித்த சீட்டுகளைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் வந்து, கூட்டம் இறங்கி, வேறு கூட்டம் ஏறியது. என்னிடமிருந்து அவர்கள் விடையை எதிர்பார்த்தார்கள்.

பொய் சொல்வது எனக்குக் கைவராது. அது அறத்தால் வந்ததன்று. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பழகியதால் வந்த குறை. பணி என்றால் பொய். மருத்துவம் என்றால் உண்மை. ஆனால் அந்த ஜன்னலோர இருக்கை அன்றோடு போயிருக்கும். அடுத்த முறை அவர்கள் எழுந்து நின்று அவருக்கு இடம் கொடுப்பார்கள், பையை வாங்கிக்கொள்வார்கள், சீட்டாட்டத்தில் விட்டுக்கொடுப்பார்கள். யாரும் அவரைக் கேலி செய்ய மாட்டார்கள்.

"வாரத்தில் மூன்று நாள் டூட்டி" என்றேன். "அதற்குமேல் எனக்கும் தெரியாது."

அச்சொல்லை அதற்குமுன் நான் வாயால் சொன்னதில்லை. தவறாமல் போயாக வேண்டியது என்ற பொருளில் கொண்டால் அது பொய்யும் அன்று.

"சாரும் கூட்டுப்பா. வாயத் தொறக்க மாட்டாரு" என்றார் பருத்தவர். சீட்டு மீண்டும் விழத் தொடங்கியது. இளையவன் தன் பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்து எதிர்வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

"இருக்கட்டும்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் அதை வாங்கி உணவுப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சென்ட்ரலில் இறங்கியதும் அவருடைய தோழர்கள் விரைந்து கலைந்துபோனார்கள். அவர் வேண்டுமென்றே பின்தங்கினார். நடைமேடையில் ஒரு தூணைப் பற்றிக்கொண்டு, மூச்சு சீராகும்வரை நின்றார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"சொல்லிடுவீங்களோன்னு பாத்தேன்" என்றார்.

"நான் எதையும் சொல்லவில்லையே, ஐயா."

"அதான்." பிறகு, என்னைப் பாராமல், "கார்ல வந்தா நான் பேஷண்டு சார்" என்றார்.

அதன்பின் பையை வலக்கையில் எடுத்துக்கொண்டு வெளிவாயிலை நோக்கி நடந்தார். சாலையைக் கடக்கும்வரை உடன் வருகிறேன் என்று என் நாக்கு நுனியில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒருவகையில் துணைக்குப் போவதாகிவிடும் என்று தோன்றியதால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்தது இது: காரை வாயிலிலிருந்து நகர்த்திப் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தி, உறை போட்டு மூடினேன். கேளாமலே நீட்டிக்கொண்டிருக்கும் கையைப்போல் அது தெருவில் நிற்க வேண்டாம். அவர் கிளம்பும் வேளையில் மீண்டும் வெளியே உட்காரத் தொடங்கினேன். "வரேன் சார்" என்பார். "டூட்டிக்கா?" என்பேன். "ஆமா சார்" என்பார். இதனால் எனக்கு மனநிறைவு வந்துவிட்டது என்று எழுதினால் அது சரியாகாது. யாருக்கும் பயன்படாத ஒரு காரும், நிறைய நேரமும் என்னிடம் அப்படியே இருந்தன. காரணம் தெரிந்ததால் மறுப்புச் சிறிதாகிவிடவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவைதான் போயிற்று.

ஐப்பசி மழை அவ்வாண்டு கடுமையாகப் பெய்தது. பருத்திப்பட்டு ஏரி நிரம்பித் தெருவோரம் வரை நீர் நின்றது. தண்டவாளங்களிலும் நீர் ஏறி ரயில்கள் நின்றுபோன ஒரு காலையில் எதிர்வீட்டு அம்மாள் நனைந்தபடி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"சார், ரயிலு இல்லியாம். ஆட்டோக்காரன் எவனும் வர மாட்டேன்றான். போன தபாவே மழைல பாதியில திரும்பி வந்துட்டோம். ராத்திரி முய்க்கப் படுக்க முடியல, மூச்சு வாங்குது. இன்னிக்கும் போவலன்னா…" முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார். "அவுரு வேணாம்னுதான் சொல்லுவாரு. காதுல போட்டுக்காத சார்."

நான் உறையை உருவி வண்டியை எடுத்து வந்தபோது அவர் குடையோடு வாயிலில் நின்றார். அதே தேய்த்த சட்டை; கால்கள் மட்டும் வீங்கியிருந்தன. வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அவருடைய மனைவி பின்னால் உட்கார்ந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து, நீருக்குள் ஊர்ந்தோம். என்னிடம் பேச எதுவும் இல்லாமல் போனது அன்று நல்லதாயிற்று. மூவரும் துடைப்பான்கள் கண்ணாடியில் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதுரவாயலருகே அவருடைய கைபேசி ஒலித்தது. பருத்தவருடைய குரல் எனக்கே கேட்டது. ரயில் இல்லையென்றும், நிலையத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், அண்ணாத்தே எங்கே என்றும் கேட்டது.

"ரயில் இல்லையா? எனக்குத் தெரியாதே" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு இருமுறை மூச்சு வாங்கியது. "நான் இன்னைக்கு லீவுல. வீட்ல… படுத்துக் கெடக்கேன்."

எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து நீண்ட ஒலி எழுப்பியது. அவர் கைபேசியைப் பொத்தினார். பிறகு எடுத்து, "அது டிவிடே" என்றார். குறுக்கே வந்த ஆட்டோவுக்காக ஒலிப்பானை அழுத்தப்போன என் கை நின்றது. பின்னிருக்கையில் அவருடைய மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது அவர் கண்களில் நீர் இருந்தது. சிரிப்பால் வந்ததா என்று தெரியவில்லை.

மருத்துவமனை வாயிலில் நான் இறங்கிக் கதவைத் திறக்கவில்லை. அவரே திறந்துகொண்டு, சட்டத்தைப் பிடித்து மெல்ல இறங்கினார். குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார். "இருக்கட்டும்னு."

அன்றே அவர் அந்தப் பொருளில்தான் சொன்னாரா, அல்லது எனக்காக அப்போது அதை அப்படித் திருத்திக் கொடுத்தாரா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்னா வேணாம்னுதாங்க" என்றாள்.

மழை வடிந்து ரயில்கள் ஓடத் தொடங்கின. அவருடைய அடுத்த முறை வந்தது. எதிர்வீட்டுத் தாழ் விழுந்தது. "வரேன் சார்" என்றார், தெருமுனைக்கு நடந்தார். காரின்மேல் உறை இருந்தது. மாலையில் அவருடைய மனைவி வந்து, "இந்தா சார், இன்னிக்கு ரெண்டா குட்த்துகீறானுங்க" என்று வாழைப்பழம் இரண்டை என்னிடம் நீட்டினார். இருக்கட்டும் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.